நானூறு மெலிந்த பசுக்கள்



இளையர் வகுப்பு முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் வரும் கேள்விகள், வகுப்பில் வரும் கேள்விகளைவிடப் பல சமயம் கனமாக இருக்கும். அந்த மாதிரி ஒரு கேள்வியை இந்த முறை எடுத்துக்கொள்வோம்.

"சொந்தமாத் தொழில் செய்றேன். எம்பிஏ படிக்க ஆசை. ஆனா ஜிமேட்ல மார்க் கம்மி. தொழில் அனுபவத்தைக் காட்டி உள்ளே போயிடலாமா? அப்படிப் போறது சரியா?"

இதில் இரண்டு கேள்வி இருக்கு. போக முடியுமா என்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்ல ஆலோசகர்கள் நிறைய பேர் இருக்காங்க, காசு வாங்கிக்கொண்டு சொல்வாங்க. போவது சரியா என்பது இன்னொன்று. அது தர்மம் பற்றிய கேள்வி. அதை நாமதான் உட்கார்ந்து யோசிக்கணும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு தம்பியைக் கற்பனை செய்துகொள்வோம். ஜூரோங் வெஸ்ட்டில் வீவக வீடு. அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பி ஐடிஇ படித்து, அப்புறம் பாலிடெக்னிக், தேசிய சேவை, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரப் பட்டம். 2019இல் மாமா மகனோடு சேர்ந்து ஏர்கான் சர்வீஸ் தொழில் ஆரம்பித்தார். இப்போது இரண்டு வேன், நான்கு ஊழியர்கள். கணக்கு வழக்கு, விரிவாக்கம், முதலீடு எல்லாம் முறையாகக் கற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஜிமேட் எழுதினார். கணக்கு, மொழி, தரவு என்று மூன்று பகுதி, மொத்தம் 64 கேள்வி, 2 மணி 15 நிமிடம். 205இலிருந்து 805 வரை போகிற அளவில் தம்பிக்குக் கிடைத்தது 485.

தம்பி கேட்கிறார்: "நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கிறேன். சிபிஎஃப் கட்டுறேன். தண்ணி ஒழுகுதுன்னு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டா நான்தான் ஓடுறேன். ஆறு வருஷமா இது ஓடுதே, இது ஒரு பரீட்சை இல்லையா?"

நியாயமான கேள்வி. "மார்க் இல்லன்னா தகுதி இல்ல" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

ஜூரோங்கில் கட்டிய வாசல்

தம்பி வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கு. அதன் வணிகப் பள்ளிக்குத்தான் அவர் விண்ணப்பிக்க நினைக்கிறார். அந்த நிலத்துக்கு ஒரு கதை உண்டு.

1953ஆம் ஆண்டு, டான் லார்க் சை என்ற ரப்பர் வணிகர், சீன மொழியில் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முன்மொழிந்தார். 50 லட்சம் வெள்ளி தானே தருவதாகச் சொன்னார். சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர் அவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அவர் தலைமை வகித்த ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. பணக்காரர்கள் மட்டும் கொடுக்கவில்லை. டிரைஷா ஓட்டுநர்கள், டாக்சி ஓட்டுநர்கள், அங்காடிக்காரர்கள் தங்கள் ஒரு நாள் உழைப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1958 மார்ச் 30 அன்று நன்யாங் பல்கலைக்கழகம் முறைப்படி திறக்கப்பட்டது. 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே வளாகத்தில் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் தொடங்கி, 1991இல் பல்கலைக்கழகம் ஆனது. பழைய நுழைவாயில் வளைவு இன்னும் ஜூரோங் வெஸ்ட்டில் நிற்கிறது.

இதில் யோசிக்க ஒன்று இருக்கு. அந்த வாசலைக் கட்டப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள், தேர்வு எழுதி அதே வாசல் வழியாக உள்ளே போயிருக்க முடியாது. ஆனாலும் அவர்கள் "படிப்பு எதுக்கு, நாங்க படிக்காமலே பிழைக்கலையா?" என்று கேட்கவில்லை. தங்களுக்குக் கிடைக்காத ஒன்று அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கட்டும் என்று கொடுத்தார்கள். தொழில் தெரிந்தவர்கள்தான் படிப்பின் அருமையையும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நம்ம பக்கத்திலும் இப்படி ஒருவர் உண்டு. 1905இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த பி. கோவிந்தசாமி பிள்ளை, மளிகைக் கடையில் வேலை பார்த்துத் தொடங்கி, சிராங்கூன் சாலையில் பிஜிபி கடைகளை வளர்த்தார். இன்றும் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது பெரியவர்கள் அவர் பெயரைச் சொல்வார்கள். எந்தத் தேர்வுத்தாளும் இவரை அளந்திருக்காது.

ஆக, மார்க் மனிதனை முழுக்க அளக்காது என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. சிங்கப்பூர் அரசாங்கமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணைத் தாண்டி மற்ற திறமைகளைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளக்கூடிய இடங்களின் அளவை 2017இல் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். அது இளநிலைப் படிப்புக்கு. எம்பிஏ பள்ளிகள் வெகுகாலமாகவே தேர்வு மதிப்பெண்ணோடு வேலை அனுபவம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் என்று பலவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன. அதனால் தம்பி அனுபவத்தைக் காட்டி வாசலைத் தட்டுவது குறுக்கு வழி இல்லை. திறந்து வைத்திருக்கிற கதவு அது.

அப்படியானால் தேர்வு எதற்கு?

இங்கே அவசரப்படக் கூடாது. தேர்வு என்ற ஒன்று ஏன் வந்தது என்று பாருங்க.

ஒரு காலத்தில் இந்தியாவை ஆள அனுப்பப்பட்ட அதிகாரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்கள் மத்தியிலிருந்து நியமித்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளையாக இருக்கணும், சிபாரிசு இருக்கணும். 1855இல் லண்டனில் முதன்முதலாகப் பொதுப் போட்டித் தேர்வு வைத்தார்கள். 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் தேறிய முதல் இந்தியர் ஆனார். சிபாரிசு மட்டுமே இருந்த காலத்தில் அது நடந்திருக்குமா?

ஆனால் அதே தேர்வு லண்டனில் மட்டும்தான் நடந்தது. கப்பலுக்குக் காசு உள்ளவன்தான் போய் எழுத முடியும். இந்தியாவிலும் எழுதலாம் என்று வர 1922 ஆனது. ஆக, சிலருக்கு வாசல் திறந்த அதே தேர்வு பலருக்குச் சுவராக நின்றது. இன்றைய ஜிமேட்டும் அப்படித்தான். வீட்டில் ஆங்கிலம் புழங்குகிறவருக்கும், பயிற்சி வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்ட முடிந்தவருக்கும் அது கொஞ்சம் சுலபம். அதே சமயம், அப்பா யார் என்று அது கேட்பதில்லை. சிபாரிசு இல்லாத பிள்ளைக்கு, "நான் யார் வீட்டுப் பிள்ளையா இருந்தா என்ன, இந்தாங்க என் மார்க்" என்று நீட்ட அது ஒரு காகிதத்தைக் கொடுக்கிறது.

தேர்வின் பெரிய பலம், அதில் பொய் சொல்வது கஷ்டம். 485 என்றால் 485தான். அனுபவக் கதைக்கு அந்தப் பூட்டு கிடையாது. "நான் ஒரு நிறுவனத்தை உருவாக்கினேன்" என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்பா கொடுத்த மூன்று லட்சம் வெள்ளியில் ஒரு வருஷம் 'ஸ்டார்ட்அப்' நடத்தியவரும் அதே வரியைத்தான் எழுதுவார், அம்மா சுட்ட முறுக்கைத் தேக்காவில் கடை கடையாகப் போட்டு வளர்ந்தவரும் அதே வரியைத்தான் எழுதுவார்.

2019 மார்ச்சில் அமெரிக்காவில் வெடித்த பல்கலைக்கழகச் சேர்க்கை மோசடி வழக்கை நீங்கள் படித்திருப்பீர்கள். வசதியான பெற்றோர்கள் பணம் கொடுத்து, விளையாடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிச் சேர்த்தார்கள். சிலர் தேர்வு விடைகளையே திருத்த வைத்தார்கள். மார்க்கையும் போலியாக்கலாம்தான். ஆனால் அதற்கு ஆள் பிடிக்கணும், லஞ்சம் கொடுக்கணும். கதையைப் போலியாக்க ஒரு மடிக்கணினி போதும்.

இங்கேதான் நம்ம கேள்வியின் மையம் இருக்கு. மார்க் கம்மியாக இருப்பது பாவம் இல்லை. மார்க்குக்குப் பதிலாக என் வாழ்க்கையைப் பாருங்கள் என்று கேட்பதும் தவறு இல்லை. ஆனால் அப்படிக் கேட்கிற நிமிடத்திலிருந்து, உண்மையாக இருக்கும் பொறுப்பு மற்றவர்களைவிட நமக்குக் கூடிவிடுகிறது. பூட்டு இல்லாத வாசல் வழியாகப் போகிறவனுக்கு மனசாட்சிதான் பூட்டு.

வாசலில் நின்ற இரண்டு பேர்

நம்ம நூல்களில் குருவின் வாசலில் நின்ற இரண்டு பேரைப் பார்ப்போம். இருவருக்குமே வாசல் கேட்ட 'மார்க்' இல்லை.

முதலாமவர் சத்யகாமன். சாந்தோக்ய உபநிஷத்தில் வருகிறார். குருவிடம் போனால் கோத்திரம் கேட்பார்கள். அம்மா ஜபாலையிடம் கேட்டார். "இளமையில் பல இடங்களில் வேலை செய்து திரிந்தபோது உன்னைப் பெற்றேன், கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயர் ஜபாலை, உன் பெயர் சத்யகாமன், அப்படியே சொல்லிக்கொள்" என்றாள் அந்தத் தாய். பிள்ளை கௌதம முனிவரிடம் போய், ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னான். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய 'மைனஸ்' என்று யோசித்துப் பாருங்க. ஏதோ ஒரு கோத்திரத்தைச் சொல்லியிருந்தால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் குரு அவனைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணமே அவன் உண்மையிலிருந்து விலகவில்லை என்பதுதான்.

இரண்டாமவர் கர்ணன். துரோணர் பிரம்மாஸ்திரம் கற்றுத்தர மறுத்தார். கர்ணன் பரசுராமரிடம் போனான், தன்னைப் பிராமணன் என்று சொல்லிச் சேர்ந்தான். நன்றாகப் படித்தான், குருவுக்குப் பிரியமான மாணவன் ஆனான். ஒரு நாள் குரு அவன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது வண்டு துடையைத் துளைத்தது. குருவின் தூக்கம் கலையக் கூடாது என்று அசையாமல் பொறுத்தான். இரத்தம் பட்டு விழித்த குரு, பொய்யைக் கண்டுபிடித்தார். கற்ற வித்தை தேவைப்படும் நேரத்தில் கைவிடும் என்று சாபம் வந்தது.

கர்ணனைப் பார்த்து யாருக்கும் மனசு இளகும். எனக்கும் இளகும். அவனுக்கு வாசலை மூடியது அநியாயம், அதில் சந்தேகம் இல்லை. பிறப்பைக் கேட்ட வாசல் தப்பான வாசல். ஆனால் பொய் என்ன செய்தது என்றும் பார்க்கணும். அவன் திறமை உண்மை, பக்தி உண்மை, வலியைத் தாங்கிய பொறுமையும் உண்மை. அவ்வளவு உண்மைக்கும் நடுவில் அடித்தளத்தில் ஒரே ஒரு பொய் இருந்தது. அது வெளியே வந்த அன்று, மற்ற எல்லா உண்மைகளையும் குருவின் கண்ணில் சந்தேகத்துக்கு உரியதாக ஆக்கிவிட்டது.

நம்ம தம்பிக்கும் இதே ஆபத்து உண்டு. ஆறு வருஷ உழைப்பு அத்தனையும் உண்மை. அதன் மேல் தேவையில்லாமல் ஒரு பொய்யைத் தடவினால், அந்த உழைப்பையே அவர் அவமதிக்கிறார்.

பொய் எங்கே ஆரம்பிக்கிறது?

"அண்ணே, நான் பொய்யே சொல்லலையே. கொஞ்சம் நல்லா எழுதினேன், அவ்வளவுதான்" என்பார் தம்பி. சரி, பார்ப்போம்.

அவருடைய கட்டுரையில் இப்படி ஒரு பத்தி: 2020 ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் வந்தபோது வேலை நின்றது. துணிச்சலான முடிவுகளால் நான் நிறுவனத்தைக் காப்பாற்றினேன்.

நடந்தது என்ன? அம்மா தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை அடகு வைத்தார். அரசாங்கம் வேலை ஆதரவுத் திட்டத்தில் உள்ளூர் ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. மாமா மகன் இரண்டு மாதம் சம்பளம் எடுக்காமல் பொருள் விநியோக வேலைக்குப் போனார். தம்பியும் உழைத்தார், வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசி, முன்பதிவு வாங்கி வைத்தார். அதுவும் உண்மைதான்.

கட்டுரையில் ஒரு சொல்கூடப் பொய்யான தகவல் இல்லை. ஆனால் "நான்" என்ற ஒரு எழுத்துச் சேர்க்கையில் மூன்று பேர் காணாமல் போய்விட்டார்கள். இதை நம்ம பெரியவர்கள் நன்றி மறத்தல் என்று சொல்வார்கள். அது பொய்யின் உடன்பிறப்பு.

தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கு: நாணயம். கையில் இருக்கிற காசும் நாணயம்தான், மனிதனின் நேர்மையும் நாணயம்தான். கடன் சொல்லிச் சரக்கு எடுத்துத் தொழில் நடந்த காலத்தில், "அவர் நாணயமான ஆள்" என்ற ஒரு பேச்சு பெரிய ஈடாக இருந்தது. விண்ணப்பக் கட்டுரையும் ஒரு வகையில் கடன் பத்திரம்தான். என்னை நம்பி ஓர் இடம் கொடுங்கள், இந்தக் கதைக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறோம். தொழில் செய்கிறவனுக்குச் செல்லாத நாணயத்தைக் கொடுப்பது எவ்வளவு கேவலம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அளந்து பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கட்டுரையை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா முன்னாலும் மாமா மகன் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டுங்க. தேவைப்பட்டால் தமிழில் சொல்லுங்க. அவர்கள் முகம் மலர்ந்தால் அனுப்பலாம். யாராவது ஒருவர் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால், அந்தப் பத்தியைத் திருத்தணும். எந்த ஆலோசகரும், எந்த ஏஐ செயலியும் இந்தச் சோதனையை உங்களுக்காகச் செய்ய முடியாது.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில், ஒருவரின் உயர்வு தாழ்வைக் கண்டுபிடிக்க அவரவர் செய்கையையே உரைகல்லாகக் காட்டுகிறார். தம்பி கேட்பதும் அதுதான்: என் செயலைப் பாருங்கள் என்கிறார். உரைகல்லில் உரசத் தங்கத்தை நீட்டுகிறவர், முலாம் பூசியதை நீட்டக் கூடாது.

நாம் பார்க்காத அந்த இன்னொருவர்

இன்னொரு விஷயம் நாம் பேசாமல் விடுவது. இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்கிறார்.

அந்த வெளியே நிற்பவர் யார்? செங்காங்கில் ஒரு தாதி என்று வைத்துக்கொள்ளுங்க. மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போக ஆசை. ஷிஃப்ட் முடிந்து வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குக் கணக்குப் போட்டவர். சுவாரசியமான கதை எதுவும் அவரிடம் இல்லை. மார்க் இருக்கு. தம்பியின் உண்மையான கதை அவரைத் தாண்டினால், அது தேர்வுக்குழுவின் தீர்ப்பு. ஊதிப் பெருக்கிய கதை தாண்டினால், அது களவு. அந்தத் தாதிக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரியாமல் எடுத்தால் மட்டும் களவு இல்லையென்று ஆகிவிடுமா?

அஸ்தேயம், அதாவது திருடாமை, என்ற யமத்தைப் பற்றி வகுப்பில் படிக்கிறோம். நாம் அதைப் பணம், பொருள் என்ற அளவில்தான் நினைக்கிறோம். ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பும் ஒரு பொருள்தான்.

அப்போ தம்பி என்ன செய்யலாம்?

முதலில் மார்க்கை மறைக்காமல் பார்க்கணும். 485 அவருக்கு என்ன சொல்கிறது? கணக்குப் பகுதியில்தான் அடி வாங்கியிருந்தால், முதல் பருவத்திலேயே வரும் புள்ளியியல், நிதிப் பாடங்களில் மூச்சு முட்டும் என்ற எச்சரிக்கை அது. அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், வேன் டேஷ்போர்டில் எரிகிற மஞ்சள் விளக்காக எடுத்துக்கொள்ளலாம். ஜிமேட்டை 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை அனுமதி உண்டு. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். 25 வயது ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை இருக்கு, அதில் ஒரு கணக்கியல் வகுப்போ புள்ளியியல் வகுப்போ படித்து முடித்துவிட்டு, "என் பலவீனம் இது, அதுக்கு நான் செய்தது இது" என்று காட்டலாம். சாக்குச் சொல்லும் பத்து வரியைவிட இந்த ஒரு வரிக்கு மரியாதை அதிகம்.

இரண்டாவது, தொழிலைப் பற்றிச் சொல்லும் எண்கள் சரிபார்க்கக்கூடியவையாக இருக்கணும். அக்ராவில் நிறுவனம் பதிவான தேதி, வருமான வரிக்குக் காட்டிய வருவாய், சிபிஎஃப் கட்டும் ஊழியர் எண்ணிக்கை. வரிக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கு ஒரு கணக்கு என்று வைத்தால், இரண்டில் ஒன்று பொய்.

மூன்றாவது, பரிந்துரைக் கடிதம். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு மேலதிகாரி கிடையாது. அதனால் நீண்டகால வாடிக்கையாளரையோ கணக்காளரையோ கேட்கலாம். அவர், "எனக்கு நேரமில்ல தம்பி, நீயே எழுதிக்கிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்பார். பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் வேண்டாம். பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வேலையில் திருப்தி, எதில் குறை என்று அவரையே பேச வையுங்க, அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்க. குறையும் இருக்கிற கடிதத்தைத்தான் படிக்கிறவர் நம்புவார்.

நான்காவது, தோல்வியை மறைக்க வேண்டாம். இழந்த ஒப்பந்தம், தப்பாக வேலைக்கு எடுத்த ஆள், வசூலாகாத பில், இதெல்லாம் தேர்வுத்தாளில் வராத பாடங்கள். சத்யகாமனுக்கு கோத்திரம் தெரியாது என்பது எப்படியோ, தம்பிக்கு இவையும் அப்படி. சொன்னால் குறை மாதிரி தோன்றும், சொன்ன விதத்தில் தகுதி ஆகும்.

இவ்வளவும் செய்து, எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லி, இடம் கிடைக்காமலும் போகலாம். இதை உங்களிடம் மறைப்பது சரியாக இருக்காது. உண்மை சொன்னால் நிச்சயம் ஜெயிப்போம் என்று சொல்லிக்கொடுத்தால், அது உண்மையையும் லாப நட்டக் கணக்கில் சேர்த்த மாதிரி ஆகிவிடும். பொய் சொன்னவர் உள்ளே போய், தம்பி வெளியே நிற்கும் ஆண்டும் வரலாம். அன்றைக்கு வலிக்கும். பலன் நம் கையில் இல்லை என்று கீதை வகுப்பில் சுலபமாகச் சொல்கிறோம், அந்த மறுப்பு மின்னஞ்சலைத் திறக்கும்போதுதான் அதன் எடை தெரியும். ஆனால் அடுத்த நாள் காலையில் வேனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது, மாமா மகன் முகத்தை நேராகப் பார்க்க முடியும். அடுத்த ஆண்டு அதே வாசலை மறுபடி தட்டவும் முடியும்.

பசுக்களின் கதை

சத்யகாமன் கதை சேர்க்கையோடு முடியவில்லை. நிறைய பேர் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

சேர்த்துக்கொண்ட குரு, உடனே பாடம் எடுக்கவில்லை. மெலிந்து பலவீனமான நானூறு பசுக்களைப் பிரித்துக் கொடுத்து மேய்த்து வரச் சொன்னார். பையன் என்ன செய்தான்? ஆயிரம் ஆகாமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனான். பல ஆண்டுகள் அங்கே இருந்தான். மந்தை ஆயிரமாகத் திரும்பும் வழியில் ஒரு காளை, நெருப்பு, அன்னம், நீர்ப்பறவை என்று நான்கிடமிருந்து நான்கு பங்காக ஞானம் கற்றான். களத்தில் கற்றான் என்று வைத்துக்கொள்ளுங்க. நம்ம தம்பி இரண்டு வேனோடு ஜூரோங், புக்கிட் பாத்தோக், கிளமெண்டி என்று சுற்றிக் கற்றதும் இப்படித்தான்.

திரும்பி வந்தவன் முகத்தில் ஒளி. உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று குரு கேட்டார். மனிதர்கள் அல்லாத மற்றவர்கள் என்றான். அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். "எனக்கு எல்லாம் தெரியும், சான்றிதழ் மட்டும் கொடுங்க" என்று கேட்டிருக்கலாம். அவன் அப்படிக் கேட்கவில்லை. நீங்களும் எனக்குக் கற்றுத்தர வேண்டும், குருவிடமிருந்து கற்ற வித்தைதான் நிறைவு பெறும் என்று கேட்டிருக்கிறேன் என்றான். குரு கற்றுக்கொடுத்தார், எதையும் விடாமல்.

எம்பிஏவுக்குப் போகிற தொழில்முனைவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் இருக்கு. நான் கற்கப் போகிறேனா, முத்திரை குத்திக்கொள்ளப் போகிறேனா? முத்திரைதான் வேண்டும் என்றால் எந்தக் கதையும் சரி என்றுதான் மனசு சொல்லும். கற்கத்தான் போகிறேன் என்றால், எனக்குத் தெரியாததை மறைப்பதில் அர்த்தமே இல்லை. நோயை மறைத்து மருத்துவரிடம் போவது போல அது.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கிற உங்களில் சிலர் இன்று வாசலில் நிற்கிறீர்கள். நாளைக்கு நீங்களே வாசலில் உட்கார்ந்து ஆள் எடுக்கப் போகிறீர்கள். நம்ம தம்பியே இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறார். ஐடிஇ முடித்த ஒரு பையன், மார்க் பட்டியல் சுமார், நேர்காணலுக்கு வந்து, "அண்ணே, போன வேலையில என்னைய நிறுத்திட்டாங்க, லேட்டா வந்தேன்னு. தப்பு என் மேலதான்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? உண்மை சொன்னதற்காக அவனை ஒதுக்கிவிட்டு, மினுமினுப்பாகப் பேசுகிறவனை எடுத்துக்கொண்டால், பல்கலைக்கழகம் தன் உண்மையை மதிக்கணும் என்று எதிர்பார்க்க அவருக்கு என்ன உரிமை இருக்கு? நாம் எந்த அளவுகோலால் அளக்கப்பட ஆசைப்படுகிறோமோ, அதே அளவுகோலை நம்மிடம் வருகிறவர்களுக்கும் எடுத்து வைப்போம். அந்தப் பையனுக்கு ஒரு மாதம் சோதனை வேலை கொடுத்துப் பாருங்க, தம்பி. மெலிந்த நானூறை அவன் கையிலும் ஒப்படைத்துப் பாருங்க.